பள்ளி மணி அடிக்காத வீட்டில் பிள்ளைகளின் தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி?

வீட்டுக் கல்விக்கு மாறும் குடும்பங்கள் முதல் மாதத்தில் பாடத்திட்டம், புத்தகம், தேர்வு வாரியம் என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூன்றாவது மாதத்தில் கேட்பார்கள். அதற்குள் பதினான்கு வயது மகன் இரவு ஒன்றரைக்குப் படுத்துக் காலை பத்தரைக்கு எழத் தொடங்கியிருப்பான். ஏழு வயதுத் தங்கை அண்ணனோடு விழித்திருந்துவிட்டு மறுநாள் முழுக்கச் சிணுங்குவாள். காலைப் பாடம் மதியத்துக்கும், மதியப் பாடம் இரவுக்கும் தள்ளிப் போயிருக்கும். பெற்றோர் களைத்துப்போய், பேசாமல் பள்ளிக்கே திரும்ப அனுப்பிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவலி என்று எங்கே இருந்தாலும், புதிதாக இந்த வழிக்கு வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள்; இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். ஆகவே தனி அறை, தனிக் கட்டில், அமைதியான தெரு என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்கும் வசதிகள் எதுவும் இல்லாத வீட்டில் எது நடக்குமோ அதை மட்டும் சொல்கிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எழும் நேரத்தை நிலைநிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்.

எத்தனை மணி நேரம் தேவை?

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையைத்தான் பெரும்பாலான குழந்தை மருத்துவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். 3 முதல் 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பதினைந்து வயதுப் பையனுக்கு ஆறு மணி நேரம் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். போதாது.

வளரிளம் பருவத்தில் இன்னொன்றும் நடக்கிறது. இருட்டியபின் மூளையில் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின், இந்த வயதில் சின்ன வயதைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட ஏறும் தூக்க அழுத்தமும் சிறு பிள்ளைகளைவிட மெதுவாகவே ஏறுகிறது. ஒன்பது மணிக்குச் சொக்கி விழுந்த பிள்ளை பதினான்கு வயதில் பதினொன்று வரை பளிச்சென்று விழித்திருப்பது இதனால்தான். அது திமிரும் அல்ல, சோம்பலும் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இலேயே நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டதற்கு இதுவே காரணம். நம் மகாராஷ்டிர அரசும் 2024 பிப்ரவரியில், மழலையர் வகுப்பு முதல் 4-ஆம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்கு முந்தைய டிசம்பரில், அப்போது ஆளுநராக இருந்த ரமேஷ் பைஸ், பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்று பொது மேடையில் பேசியிருந்தார். அந்த உத்தரவு பெரிய வகுப்புகளைத் தொடவில்லை. பெரிய பிள்ளைகளுக்குக் கிடைக்காத அந்தக் காலை நேரத்தை நீங்கள் உங்கள் வீட்டிலேயே கொடுத்துவிடலாம். வீட்டுக் கல்வியின் பெரிய வரங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளைக்கு ஒரு பக்கம். விளக்கணைத்த நேரம், ஏறக்குறைய தூங்கிப்போன நேரம், எழுந்த நேரம், தானாக எழுந்தாளா நாம் எழுப்பினோமா, பகலில் தூங்கினாளா, சாயங்காலம் எப்படி இருந்தாள். ஆறு கட்டங்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் அந்தக் கட்டங்களை அவளே அளவுகோல் வைத்துப் போடட்டும், அவளே நிரப்பட்டும். எங்கள் மகள் கடைசிக் கட்டத்தில் வார்த்தை எழுதாமல் முகங்கள் வரைந்து வைத்தாள். சிரித்த முகம், வாய் கோணிய முகம், கண் மூடிய முகம். ஒரே பார்வையில் ஒரு வாரம் முழுவதும் தெரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் கோணிய முகம். திங்களும் வியாழனும் இரவில் இணைய வகுப்பு. திட்டித் தீர்க்க முடியாததை அந்தப் பக்கம் சொல்லிவிட்டது.

அலாரம் வைக்காத நாட்களில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பழைய பாக்கியைத் தீர்க்கத் தூங்குவார்கள். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு நிலைப்படும் அளவுதான் அந்தப் பிள்ளையின் தேவை. அண்ணனுக்கு எட்டரை மணி நேரம் போதும் என்பதால் தம்பிக்கும் போதும் என்று நினைக்காதீர்கள்.

இரண்டாம் படி: எழும் நேரத்தைக் குறித்து, வெளிச்சத்துக்குக் கூட்டிப் போங்கள்

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வேன் வரும் நேரம் எழும் நேரத்தைத் தீர்மானித்துவிடுகிறது. நம் வீட்டில் அதைத் தீர்மானிக்க யாரும் இல்லை என்பதால்தான் எல்லாம் நழுவுகிறது. எனவே ஒரு நேரம் குறியுங்கள். சிறு பிள்ளைக்கு ஆறரை, பெரியவனுக்கு ஏழரை என்று வேறு வேறாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் கூடலாம். வார நாளில் ஏழு, ஞாயிறன்று பதினொன்று என்று வைத்தால் உடல் நான்கு மணி நேர வித்தியாசமுள்ள வேறொரு நாட்டுக்குப் போய்த் திரும்பிய நிலையில்தான் திங்களன்று இருக்கும்.

மகன் இப்போது பத்தரைக்கு எழுகிறான் என்றால் நாளையே ஏழுக்கு எழுப்பாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். பொறுமை வேண்டும், ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும். ஆனால் அப்படி நகர்த்தியது நிலைக்கும்.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளியே போக வேண்டும். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை அனுப்பும் செய்தியை வைத்துத்தான் மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னால் தள்ளும். இரவு வெளிச்சம் பின்னால் தள்ளும். காலையில் வெளிச்சம் பட்ட பிள்ளைக்கு இரவில் தூக்கமும் முன்னதாக வரும். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வீட்டு விளக்கொளி ஒருசில நூறைத் தாண்டாது. மேகம் மூடிய ஜூலை மாதக் காலையிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஆகவே மழைக்காலத்தில் எங்கே போவது என்று விட்டுவிடாதீர்கள். குடை பிடித்துக்கொண்டு பால் வாங்கி வரட்டும். மாடிப்படிக்கு வெளியே உள்ள திறந்த தாழ்வாரத்தில் நின்று பல் துலக்கட்டும். பக்கத்தில் பூங்கா இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் நடை தூரம். மகன் முதல் பத்து நிமிடம் வாய் திறக்க மாட்டான். நானும் பேச்சுக் கொடுக்க மாட்டேன். நடந்தால் போதும்.

மும்பையில் ஜூன் மாதம் ஆறு மணி வாக்கில் சூரியன் உதிக்கும். ஜனவரியில் அது ஏழேகாலை ஒட்டித் தள்ளிப் போகும். எனவே குளிர்காலத்தில் எழும் நேரத்தை அரை மணி தள்ளிவைப்பதில் தவறில்லை.

மூன்றாம் படி: இரவை முன்கூட்டியே தொடங்குங்கள்

பல மும்பை வீடுகளில் சிக்கல் இரவுச் சாப்பாட்டில் தொடங்குகிறது. அப்பா அலுவலகத்திலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வீடு சேர ஒன்பதரை ஆகும். "அப்பா வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று காத்திருந்தால் சாப்பிட்டு முடிக்கவே பத்தரை. அப்பாவைப் பார்த்த உற்சாகத்தில் பிள்ளைக்குத் தூக்கமும் கலைந்துவிடும். அப்பாவும் பிள்ளையும் கூடும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். பள்ளி வேன் இல்லாத வீட்டில் காலை ஏழிலிருந்து எட்டு வரை அப்பாவுக்கே கொடுத்துவிடலாம். சேர்ந்து நடக்கலாம், கணக்குப் பாடத்தை அப்பாவே எடுக்கலாம், இட்லி சேர்ந்து சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு முடிந்துவிடட்டும். அப்பா வரும்போது சின்னவள் தூங்கியிருந்தால் அது யாருக்கும் நஷ்டமில்லை. முதல் வாரம் அப்பாக்களுக்கு மனம் வலிக்கும். அது எனக்குத் தெரியும்.

அடுத்தது தொலைக்காட்சி. கூடத்தில்தான் பிள்ளைகள் படுக்க வேண்டும். கூடத்தில்தான் பாட்டி தொடர் பார்க்க வேண்டும். பாட்டியின் சந்தோஷத்தைப் பறிக்காமல் இதைத் தீர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பகல் முழுக்க நம் பிள்ளைகளுக்கு உடனிருக்கும் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். எங்கள் வீட்டில் நடப்பது இது: சின்னவளைப் படுக்கையறையில் எட்டே முக்காலுக்குப் படுக்க வைக்கிறோம். பாட்டி காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒன்பதரை வரை கூடத்தில் பார்க்கிறார். பெரியவன் அந்த நேரத்தில் சமையலறை மேஜையில் மஞ்சள் விளக்கின் கீழ் படிக்கிறான், இல்லையென்றால் மறுநாளுக்குக் காய் நறுக்குகிறான். பத்து மணிக்குக் கூடம் அவனுக்கு. பாட்டி போய்ச் சின்னவள் பக்கத்தில் படுத்துக்கொள்வார். ஹெட்ஃபோன் முதலில் பிடிக்கவில்லைதான். "வசனம் இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது" என்று பிறகு அவரே சொன்னார்.

படுப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் எல்லா நாளும் ஒரே வரிசையில் நடக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், பல் துலக்கல், பாய் விரித்தல், கொசுவலை கட்டுதல், கதை. வெந்நீர்க் குளியலுக்குப் பின் தோலின் வழியே உடல் சூடு இறங்கும். அந்த இறக்கம் தூக்கத்தை வரவழைக்கும். கொசுவலையின் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்கள். எங்கள் மகளுக்கு நான்காவது முடிச்சு போட்டதும் கொட்டாவி வந்துவிடும்.

கதை தமிழில் இருக்கட்டும் என்பது என் ஆசை. மும்பையில் வளரும் பிள்ளைக்குத் தெருவில் ஹிந்தி, மராத்தி, புத்தகத்தில் ஆங்கிலம். தமிழ் எழுத்தை நிதானமாகக் காதால் கேட்டு, கண்ணால் பார்த்து ரசிக்க இரவின் இருபது நிமிடத்தைவிட நல்ல பாடவேளை கிடையாது. பதின்ம வயதிலும் வாசித்துக் காட்டலாம். கேட்காததுபோல் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்பார்கள்.

படுக்கையில் பாடம் படிக்க விடாதீர்கள். வீட்டுக் கல்விப் பிள்ளைகள் நாள் முழுக்கப் படுக்கையிலேயே புத்தகத்தோடு கிடக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். படுக்கை தூங்குவதற்கு மட்டும் என்று மூளை பழக வேண்டும். இதில் நம் பாய் கட்டிலைவிட உயர்ந்தது. காலையில் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் படுக்கையே இல்லை. மழைக்காலத்தில் பாயும் மெத்தையும் ஈரம் கோத்துக்கொண்டு நாற்றம் அடிக்கும். வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் காயப் போடுங்கள்.

கைபேசி, இணைய வகுப்பு, காபி

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் எல்லாக் கைபேசிகளும் சமையலறை அலமாரியில் சார்ஜில் போய்விட வேண்டும். அம்மா அப்பாவின் கைபேசிகளும்தான். நம் கையில் இருந்தால் பிள்ளை கையிலிருந்து வாங்க நமக்கு வாய் இருக்காது. எழுப்புவதற்கு இருநூறு முந்நூறு ரூபாயில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி வையுங்கள்.

பதின்ம வயதுப் பிள்ளையிடம் மட்டும் இதை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யக் கூடாது. பள்ளிப் பிள்ளைக்கு நண்பர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அவர்களில் பாதிப்பேர் கைபேசியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளி, டியூஷன் முடிந்து பேச வருவதே இரவு ஒன்பதுக்குமேல்தான். கைபேசியைப் பிடுங்கினால் தோழமையையும் பிடுங்கியதாகிவிடும். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை அந்த நேரத்தை முறையாக ஒதுக்கிக் கொடுங்கள். வாரம் ஒருநாளாவது நேரில் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். பிறகு இரவில் கைபேசியைக் கொடு என்று கேட்டால் கேட்டதற்கு மரியாதை இருக்கும்.

வெளிநாட்டு ஆசிரியர்களிடம் இணைய வகுப்பு எடுப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் நேரத்தை மாற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனில் மாலை 5 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் நம் பிள்ளையின் தூக்கத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். பதிவு செய்த வகுப்பைப் பகலில் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

ஃபில்டர் காபி இல்லாத தமிழ் வீடு ஏது? சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைகள் கேட்டால் காலையில் அரை டம்ளரோடு நிற்கட்டும். மதியத்துக்குப் பிறகு இல்லை. குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். கட்டிங் சாயும் இந்தக் கணக்கில் சேரும்.

பகல் தூக்கம் பதின்ம வயதில் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள்.

சொந்தக்காரர்களும் விடியற்காலைப் படிப்பும்

"பள்ளிக்கும் போகவில்லை, எட்டு மணி வரை தூக்கம் வேறா?" என்று யாராவது கேட்பார்கள். பத்தே முக்காலுக்குத் தூங்கி ஏழே முக்காலுக்கு எழும் பதினைந்து வயதுப் பிள்ளை சரியான அளவு தூங்குகிறது என்று நேராகச் சொல்லுங்கள். பிள்ளையின் காதுபடச் சொல்லுங்கள். தன்னைச் சோம்பேறி என்று அது நம்பிவிடக் கூடாது.

நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் மண்டையில் ஏறும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எட்டு மணிக்குப் படுப்பவருக்கு அது சரி. பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை நாலுக்கு எழுப்பினால், படித்ததை மூளை அடுக்கி வைக்கும் வேலையின் பிற்பகுதியை வெட்டி எறிகிறோம். கனவு அதிகம் வரும் தூக்கம் இரவின் கடைசி மணி நேரங்களில்தான் கூடுதலாக இருக்கிறது. பள்ளிக்குப் போகாமலே எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) தேர்வை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு: அதன் எழுத்துத் தேர்வுகள் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்குகின்றன. எனவே தேர்வு நாளிலும் எழும் நேரத்தை மாற்ற வேண்டாம். அதற்குப் பதிலாக, தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை உட்கார்ந்து எழுதிப் பழகட்டும். மதிய உணவுக்குப் பின் கண் சொருகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

திருவிழாவும் ஊர்ப் பயணமும்

விநாயகர் சதுர்த்தி நாட்களில் தெருவே தூங்காது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு என்றாலும், மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு மட்டும் அனுமதி கொடுக்கலாம். அதில் சில நாள் இந்தத் திருவிழாவுக்குப் போகும். அந்த இரவுகளில் பிள்ளையோடு கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள். ஊரோடு சேர்ந்து கொண்டாட வேண்டியதைக் கதவடைத்துக்கொண்டு கேட்க வேண்டியதில்லை. மறுநாள் எழும் நேரத்தை ஒரு மணி தளர்த்தி, மதியம் அரை மணி தூங்கவிட்டு, அன்றிரவே பழைய வரிசைக்குத் திரும்பிவிடுங்கள். கோடையில் திருநெல்வேலிக்குப் போய் அத்தை மகன்களோடு மொட்டை மாடியில் விடிய விடியக் கதை பேசிவிட்டு வந்தாலும் இதே வழிதான். திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே வெளிச்சத்தில் நடை. பயணக் களைப்பு தீரட்டும் என்று ஒரு வாரம் விட்டால் அது மூன்று வாரமாகும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இவ்வளவும் மூன்று நான்கு வாரம் செய்த பின்னும் பிள்ளை பகலில் தூங்கி வழிந்தால் உள்ளே வேறு காரணம் இருக்கலாம். வாரத்தில் பல இரவுகள் சத்தமாகக் குறட்டை விடுவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சு நின்று திணறி எழுவது ஆகியவை டான்சில் அல்லது மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு வீக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறது, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சரியாகிறது என்று பிள்ளை சொன்னால் இரும்புச்சத்துக் குறைவுக்கான ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளிடம் இதைக் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். தாமாகச் சொல்ல மாட்டார்கள். பதின்ம வயதுப் பிள்ளை தூக்கத்தோடு சாப்பாடு, நண்பர்கள், பிடித்த விளையாட்டு எல்லாவற்றிலும் ஆர்வம் இழந்து இரண்டு வாரம் தாண்டினால் அது தூக்கப் பிரச்சினை மட்டுமல்ல. மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

மருந்துக் கடையிலும் இணையத்திலும் மெலடோனின் மாத்திரையாகவும், பழச் சுவையுள்ள மிட்டாய் வடிவிலும் கிடைக்கிறது. அது ஒரு ஹார்மோன். குழந்தை மருத்துவர் அளவும் நேரமும் எழுதிக் கொடுக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.